மரத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள்: இரு மாநிலப் போக்குவரத்து, காவல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரளப் போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாட்டுப் போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கும், இரு மாநிலக் காவல்துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் காய்கறி வியாபாரம் செய்து பிழைப்பவன் நான். எனக்கு இரண்டு சிறு சரக்கு வண்டிகள் உண்டு. அவற்றை ஓட்டுகிறவர்களும் இந்தப் பக்கத்து ஆட்களே. வேகக் கண்காணிப்பு என்ற பெயரில் எங்கள் சாலைகளில் நடப்பதைக் குறித்து உங்கள் நால்வருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவரிடம் தனியாகப் போய்ச் சொன்னால், அது அடுத்தவருடைய எல்லை என்ற பதில்தான் இதுவரை கிடைத்திருக்கிறது.

கிணத்துக்கடவுத் தக்காளி விடிவதற்குள் வேலந்தாவளம் வழியாகக் கேரளத்துக்குள் வந்துவிடும். பொள்ளாச்சி இளநீர் கோபாலபுரம், நாட்டுக்கல், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும். கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களும், கோவைக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளும், கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் இங்குமங்கும் போய்வரும் சொந்தபந்தங்களும் நாள்தோறும் எல்லையைத் தாண்டுகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் வண்டி கே.எல். 70 ஆகவும் தம்பி வண்டி டி.என். 41 ஆகவும் இருப்பது எங்களுக்கு வியப்பல்ல. ஆனால் அந்த எண் பலகையின் முதல் இரண்டு எழுத்துகளைத் தொலைவிலேயே பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தலாமா விடலாமா என்று முடிவு செய்கிற வழக்கம் இரு பக்கமும் இருக்கிறது என்பதை, இந்தச் சாலைகளில் ஓடுகிற எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார்.

சென்ற ஆண்டு என் வண்டி ஓட்டுநருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நேர்ந்ததைச் சொல்கிறேன். இறக்கமான சாலை, இருபுறமும் புளியமரம். இறக்கம் முடிந்து பாலத்துக்கு முன் சாலை சற்று வளையும் இடத்தில், மரத்தின் அடிப்பகுதியை ஒட்டி ஒருவர் வேகத்தை அளக்கும் துப்பாக்கிக் கருவியோடு நிற்க, ஐம்பது அறுபது அடி தள்ளி, வளைவுக்கு அப்புறம், ஜீப்பும் மற்றவர்களும் நின்றிருக்கிறார்கள். "வண்டிய ஓரங்கட்டுப்பா" என்றார் அதிகாரி. "எவ்வளவுங்க சார் போனேன்?" என்று என் ஆள் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் மிஷின்ல விழுந்திருச்சு." "பாக்கலாமுங்களா?" "கோர்ட்ல போய்ப் பாத்துக்க." அவ்வளவுதான் விசாரணை. அவருக்கு முன்னால் ஒரு டிப்பரும், பின்னால் ஒட்டினாற்போல் ஒரு காரும் வந்துகொண்டிருந்தன. ரேடார் அலை தொலைவில் விரியக்கூடியது. நெருக்கமாக வரும் வண்டிகளில் எதன் வேகம் பதிவானது என்பது கேட்க வேண்டிய கேள்விதான். லேசர் கருவியானால் ஒரு வண்டியைக் குறிவைத்து அளக்க முடியும். நின்றது எந்தக் கருவி என்பதைக்கூட அவர்கள் சொல்லவில்லை. பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வந்தார். வண்டியில் கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் இருந்தன. அவை வழக்காடக் காத்திருக்கும் சரக்கல்ல.

இந்தப் பக்கத்திலும் கதை வேறு மாதிரி இல்லை. கேரளத்தில் எங்களுடைய இன்னொரு வண்டிக்கு வந்த அதிவேக அறிவிப்பு, சம்பவம் நடந்து இரண்டு மாதம் கழித்துக் கைப்பேசிக்கு வந்தது. படத்தில் எண் பலகை தெளிவாக இருந்தது, வேகம் 71 என்று இருந்தது, அந்த இடத்தில் அனுமதிக்கப்பட்ட வேகம் எவ்வளவு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. இடம் என்ற கட்டத்தில் சாலையின் பெயர் மட்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில் எங்கே என்று யாரிடம் கேட்பது? வேகம் தவறு என்றால் தண்டனை சரிதான். எவ்வளவு வேகம் வரை சரி என்பதை முன்னதாகவும் சொல்லாமல், பின்னாலும் சொல்லாமல் வசூலிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பது சலுகையல்ல, உங்கள் சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, ஒரு சாலையில் தனியாக வேக வரம்பு வைக்க விரும்பினால் அதை அறிவிக்கை செய்ய வேண்டும் என்பதோடு, 116-ஆம் பிரிவின்படி அங்கே உரிய குறியீட்டுப் பலகையும் நட வேண்டும் என்கிறது. 183-ஆம் பிரிவு, ஒரே ஒரு சாட்சி கண்ணால் பார்த்து ஊகித்ததை மட்டும் வைத்து யாரையும் அதிவேகக் குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது, கருவியின் அளவு வேண்டும் என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மின்னணுக் கண்காணிப்புக்கென்றே 136ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதை நடைமுறைப்படுத்த 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி வந்தது. கருவிக்கு மாநில அரசு குறித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், கண்காணிக்கப்படும் சாலைப் பகுதிக்கு முன்னால் பளிச்சென்று தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், அந்த அறிவிப்பில் கருவி காட்டிய அளவும் நாளும் நேரமும் இடமும் இருக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விதி விவரமாகச் சொல்கிறது. இன்னும் ஒன்றையும் சொல்கிறது: கருவிகளை ஆபத்து அதிகமுள்ள, நெரிசல் அதிகமுள்ள தேசிய, மாநில நெடுஞ்சாலைப் பகுதிகளிலும் முக்கியச் சந்திப்புகளிலும் வைக்க வேண்டும் என்று. புளியமரத்து நிழலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

கருவியின் நம்பகத்தைப் பற்றி இன்னொரு சொல். நான் எடைபோட்டுப் பிழைக்கிறவன். என் மின்னணுத் தராசை எடையளவுத் துறை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்கிறது. அந்த முத்திரை காலாவதியானால் ஆய்வாளர் வந்து எனக்கு அபராதம் போடலாம், தராசைக் கைப்பற்றலாம். அதே எடையளவுச் சட்டத்தின் விதிகளில், வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளும் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாங்க வருகிறவர் என் தராசின் முத்திரையைக் காட்டச் சொன்னால் நான் காட்டியாக வேண்டும். ஓட்டுநர் உங்கள் கருவியின் முத்திரையைக் காட்டச் சொன்னால் மட்டும் அது ஏன் திமிராகப் பார்க்கப்படுகிறது?

வேகம் கொல்லும் என்பதை மறுக்க நான் வரவில்லை. 2022-ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்குப்படி இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டிலும் 4,317 பேர் கேரளத்திலும். சாவுகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இந்த எண்களைப் படித்துவிட்டு வேகக் கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்கிறவன் மனிதனல்ல. எங்கள் ஊர்ப் பக்கமே அகாலத்தில் போன பிள்ளைகளின் படங்கள் வீட்டு முகப்புகளில் தொங்குகின்றன. ஆனால் அந்த விபத்துகள் நடந்த இடங்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துச் சந்திப்பு, விளக்கில்லாத திருப்பம், வாளையார் நாற்கரச் சாலையில் எதிர்த்திசையில் ஏறி வரும் இருசக்கர வண்டி, ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் இரவெல்லாம் நிற்கும் லாரி. அந்த இடங்களில் ஒரு நாளும் உங்கள் ஆட்களைப் பார்த்ததில்லை. அகலமான, நேரான, இறங்குகிற, எந்த ஓட்டுநரும் கால் சற்று அழுத்துகிற இடத்தில் மட்டும் தவறாமல் பார்க்கிறோம். அங்கே நிற்பது உயிரைக் காப்பதற்கா, எண்ணிக்கையைக் காட்டுவதற்கா? மாதக் கடைசியில் அந்தப் புளியமரத்தடியில் கூட்டம் சற்று அதிகம் என்று எங்கள் ஓட்டுநர்கள் சிரித்துக்கொள்கிறார்கள். டார்கெட் என்று எழுத்தில் எதுவும் கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள். எழுத்தில் இல்லாதது வாய்மொழியிலும் இல்லை என்று உங்களால் எழுதித் தர முடியுமா?

எல்லைக்காரர்களுக்கு மட்டும் உரிய தொல்லை ஒன்றும் உண்டு: எல்லையைத் தாண்டியதும் எந்த வேக வரம்பு பொருந்தும் என்பது தெரிவதில்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை வேக வரம்பை உயர்த்தி வெளியிட்ட அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. கேரளம் 2023 ஜூலை 1 முதல் தனக்கென்று புதிய வரம்புகளைக் கொண்டுவந்தது. இருசக்கர வண்டிகளின் உச்ச வேகம் 70-இலிருந்து 60 ஆனது, கார்களுக்கு நாற்கரத் தேசிய நெடுஞ்சாலையில் 100, நாற்கரமல்லாத மாநில நெடுஞ்சாலையிலும் முக்கிய மாவட்டச் சாலையிலும் 80, அவை தவிர்த்த சாலைகளில் 70, நகரச் சாலைகளில் 50 என்று ஆயிற்று. நல்லது. ஆனால் ஒரு சாலை மாநில நெடுஞ்சாலையா, மாவட்டச் சாலையா, அதற்கும் கீழா என்பது பொதுப்பணித் துறையின் பதிவேட்டில் இருக்கும் செய்தி. தாரைப் பார்த்து அதைச் சொல்ல எந்த ஓட்டுநராலும் ஆகாது. நான் போய்வரும் எல்லை வாசல்களில் 'நல்வரவு' என்று பெரிய எழுத்தில் வரவேற்கும் வளைவுகளும், அமைச்சர்களின் படங்களும், நகைக்கடை விளம்பரங்களும் உண்டு. இந்த மாநிலத்தில் உன் வண்டிக்கு வேகம் இவ்வளவு என்று சொல்லும் ஒரு பலகையை மட்டும் காணோம்.

தலைக்கவசம் இல்லாவிட்டால் கேரளம் 500 ரூபாய் வாங்குகிறது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் அறிவித்தபடி 1,000 ரூபாய் வாங்குகிறது. தொகை வேறாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. தலை ஒன்றுதான், போட்டுக்கொண்டால் இரு பக்கமும் செலவில்லை. வருத்தம் ஆவணங்களில்தான். அரசின் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் கைப்பேசிச் செயலிகளில் உள்ள ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றையும் ஏற்க வேண்டும் என்று 2018-இலேயே விதி திருத்தப்பட்டாயிற்று. என்றாலும், கைப்பேசியை நீட்டினால் "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்கிறவர்கள் இரு மாநிலத்திலும் இன்னும் இருக்கிறார்கள். ஒரிஜினலைக் கையில் வாங்கிக்கொண்டு பேரம் தொடங்குவதற்கு வசதி; கைப்பேசியை அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. காரணம் இவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

அறிவிப்பை எதிர்த்து வழக்காடலாமே என்பார்கள். பொள்ளாச்சி வண்டிக்காரர் கேரளத்தில் வழக்காட வேண்டுமானால் அங்குள்ள நீதிமன்றத்துக்கு வர வேண்டும். எங்கள் ஊர்க்காரர் தமிழ்நாட்டில் வழக்காட அங்கே போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், வண்டி வாடகை போகும், வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும்; 1,500 ரூபாய் அபராதத்தை எதிர்க்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். கட்டாமல் விட்டால் வாகனப் பதிவுத் தளத்தில் அந்த வண்டிக்குப் பூட்டு விழுந்து, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் பெயர் மாற்றமும் நின்றுபோகும். ஆகவே எல்லாரும் கட்டுகிறார்கள். கட்டியவர்கள் எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று உங்கள் புள்ளிவிவரத்தில் ஏறிவிடுகிறது.

இனி, மற்றவர்கள் மடலில் எழுதத் தயங்குகிற ஆனால் சந்தையில் தினமும் பேசுகிற செய்திக்கு வருகிறேன். "நாம கட்டுற ஃபைன்லதான் இவங்க பென்ஷன் வாங்குறாங்க" என்று ஓட்டுநர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கணக்குப்படி அது உண்மையல்ல என்று நானே அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அபராதம் காவல் நிலையத்தின் பெட்டியில் தங்குவதில்லை, அரசின் கருவூலத்துக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி சாலைப் பாதுகாப்பு நிதிக்குச் சேர வேண்டும் என்பதற்காகக் கேரளம் 2007-இல் தனிச் சட்டமே இயற்றியது. ஓய்வூதியம் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து, நம் எல்லாருடைய வரியிலிருந்தும் கொடுக்கப்படுகிறது. ஆனால் கணக்கில் பிழை இருப்பதால் அந்தப் பேச்சில் உள்ள மனக்குறையும் பிழை என்று ஆகிவிடாது.

2003 ஏப்ரல் 1-க்கு முன் தமிழ்நாட்டிலும், 2013 ஏப்ரல் 1-க்கு முன் கேரளத்திலும் பணியில் சேர்ந்த ஒரு காவலர் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றால், கடைசிச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி மாதந்தோறும் வரும். அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அவர் காலத்துக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். தொடக்கத்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் வாங்கிக்கொள்ளலாம். கேரளத்தில் அந்தத் தலைமுறையினர் 56 வயதிலேயே ஓய்வு பெறுகிறார்கள். என்னிடம் வண்டி ஓட்டுகிறவருக்கும் ஏறக்குறைய அதே வயது. அவரும் முப்பது ஆண்டாக இரவும் பகலும் சாலையில்தான் இருக்கிறார், இடுப்பு போய்விட்டது, கண் மங்குகிறது. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து சந்தாவைத் தவறாமல் கட்டியிருந்தால் சிறு தொகை ஒன்று வரும். அமைப்புசார்ந்த நிறுவனத்தில் வேலை பார்த்து வைப்பு நிதி பிடித்திருந்தாலும், குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இலிருந்து 1,000 ரூபாய்தான். இந்த ஆயிரத்தையும் அந்தப் பாதிச் சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புளியமரத்தடியில் ஒருவர் கையை நீட்டும்போது இன்னொருவருக்கு எரிச்சல் வருவது ஏன் என்று புரியும்.

நான் அந்த ஓய்வூதியத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் தார்ச் சாலையில் எட்டு மணி நேரம் நிற்பதும், விபத்தில் நசுங்கியவனை வண்டியிலிருந்து வெளியே எடுப்பதும், திருவிழாவிலும் தேர்தலிலும் வீடு காணாமல் கிடப்பதும் எளிய வேலையல்ல. மேலும், எல்லாக் காவலர்க்கும் அந்த வாழ்வு வாய்த்துவிடவில்லை. மேற்சொன்ன நாள்களுக்குப் பின் சேர்ந்த இளம் காவலர்களுக்குப் பங்களிப்புத் திட்டம் என்று மாற்றினார்கள். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்ட அந்தத் திட்டத்தை எதிர்த்து அரசு ஊழியர்கள் பல ஆண்டுகளாகப் போராடியதை நாடறியும். ஒரே ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் எஸ்.ஐ.க்கும் அவருக்குப் பின்னால் நிற்கும் காவலருக்கும் பணியில் சேர்ந்தபோதே முதுமை இரண்டு விதமாக எழுதப்பட்டது. வெயிலில் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் அந்தக் காவலர்தான் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

என் கேள்வி வேறு. அரசுப் பணியாளருக்கு உறுதியான ஓய்வூதியம் ஏன் தருகிறோம்? அவர் யாரிடமும் கையேந்தாமல், யாருக்கும் அஞ்சாமல், நாளைய சோற்றைப் பற்றிய கவலையில்லாமல் சட்டப்படி நடக்க வேண்டும் என்பதற்காக. அந்த விலையை நாங்கள் வரியாகக் கொடுத்துவிட்டோம். கொடுத்த பிறகும் எல்லைச் சாவடிகளில் மாமூல் என்ற பழக்கம் நிற்கவில்லை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லைச் சோதனைச் சாவடிகளில் கேரளத்தின் லஞ்ச ஒழிப்புத் துறையே திடீர்ச் சோதனைகள் நடத்திக் கணக்கில் வராத பணத்தைப் பிடித்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. கடும் முறைகேடு செய்தவரின் ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்கவோ குறைக்கவோ தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 9-ஆம் விதியும், கேரளப் பணி விதிகளின் மூன்றாம் பகுதியில் 3-ஆம் விதியும் அரசுக்கு அதிகாரம் தருகின்றன. எத்தனை பேர் மீது அந்த அதிகாரம் பயன்பட்டது என்பதை, எத்தனை பேருக்கு அபராதம் விதித்தோம் என்று பெருமையாக வெளியிடும் அதே அறிக்கையில் நீங்கள் சேர்த்து வெளியிடலாமே.

சட்டம் உங்களுக்கும் உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 210பி பிரிவின்படி, இச்சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் உடையவரே அதை மீறினால் அபராதம் இருமடங்கு. சீட் பெல்ட் போடாமல் ஓடும் ஜீப்பும், கைப்பேசியில் பேசியபடி ஒற்றைக் கையால் ஓட்டும் துறை வண்டியும் எங்கள் சாலையில் அன்றாடக் காட்சி. 210பி பிரிவில் ஒருவருக்கு அபராதம் விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதே திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு, சாலையைத் தரமாக அமைக்காததால், பராமரிக்காததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பு அமைப்புக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மழை முடிந்த மாதத்தில் எங்கள் எல்லைச் சாலைகளில் வண்டி ஓட்டிப் பார்த்தால் அந்தப் பிரிவுக்கு எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்று தெரியும். குழியில் இறங்கி விழுந்தவனுக்கு ஹெல்மெட் இல்லை என்று வழக்கு போடுகிற வேகத்தில் பாதியாவது குழி வெட்டியவன் மேல் காட்டினால் போதும்.

கேமராவைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைக் கேமராவுக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேரளம் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களை வைத்து அபராதம் விதிக்கத் தொடங்கியது. அதற்கான 232 கோடி ரூபாய் ஒப்பந்தத்தைப் பற்றி எழுந்த சர்ச்சையை அரசியல்வாதிகளும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். அந்த 726-இல் மிகப் பெரும்பான்மை ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் கைப்பேசிப் பேச்சையும் பார்ப்பவை. வேகத்தைப் பார்ப்பவை ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தன. கேமரா யாருடைய சாதியையும் ஊரையும் கேட்பதில்லை, எண் பலகையைப் பார்த்துப் பேரம் பேசுவதில்லை, மாதக் கடைசி என்று தனியாக அதற்குத் தெரியாது. மரத்தடியில் நிற்கும் மனிதரைவிடக் கம்பத்தில் நிற்கும் கேமரா எனக்கு மேல். வேகத்துக்கு அதிகமான கேமரா வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் பலகை வையுங்கள். பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடுகிறார்களே என்று வருந்துகிற அதிகாரி இருந்தால், அவருக்கு இந்த வேலையின் நோக்கமே பிடிபடவில்லை என்று பொருள்.

ஆகவே இரு மாநிலமும் கலந்து பேசிச் செய்யக் கூடியவை சிலவற்றைக் கேட்கிறேன். வாளையார் முதல் கோவிந்தாபுரம் வரை ஒவ்வோர் எல்லை வாசலிலும், நுழைகிற மாநிலத்தில் இருசக்கரம், கார், சரக்கு வண்டி ஒவ்வொன்றுக்கும் என்ன வேகம் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகை வேண்டும். நகைக்கடை விளம்பரத்தின் அளவில் பாதி இருந்தாலே போதும். கருவியோடு நிற்கிறவர் கருவியின் முத்திரையையும், அது காட்டிய அளவையும் கேட்டவருக்கு அங்கேயே காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். 15 நாளைத் தாண்டிய, இடமும் வரம்பும் குறிக்காத அறிவிப்புகளை நீங்களாகவே கைவிடுங்கள். அவற்றை எதிர்த்து ஒவ்வொருவரும் நீதிமன்றம் ஏற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கே நிற்பது என்பதைக் காவல் நிலையத்தின் வசதிக்கு விடாமல், கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சாலையில் எங்கே உயிர் போயிற்று என்ற கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தக் கணக்கு உங்கள் நிலையங்களிலேயே இருக்கிறது. வெளிமாநில வண்டிக்காரர் காணொளி வழியாகத் தன் தரப்பைச் சொல்ல வழி செய்யுங்கள். நீதிமன்றங்களில் மற்ற வழக்குகளுக்கு அது நடைமுறைக்கு வந்து ஆண்டுகளாகின்றன.

கேரள அலுவலர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த மடலைத் தமிழில் எழுதியிருப்பதால் மொழிபெயர்த்துத் தரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தில் உள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் இடம் தந்திருக்கிறது. வேக அறிவிப்புகளையும் சித்தூர் வட்டத்துத் தமிழர்களுக்குத் தமிழில் அனுப்ப அந்தச் சட்டம் போதும் என்று நினைக்கிறேன். பதில் எனக்கு மட்டும் வந்தால் போதாது. வேலந்தாவளம் சந்தையிலும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டும்படி அனுப்புங்கள்; எல்லைக்கு அந்தப் பக்கம் கிணத்துக்கடவுச் சந்தையிலும் ஒரு பிரதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்துக் காய்கறி வியாபாரி ஒருவன்